கூட்டணிப் பேரமும் நம் எதிர்பார்ப்பும்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் செக்காலை ரோட்டு டீக்கடையில் எனக்குப் பாதி நேரம் இதே வேலைதான். முப்பது வருடம் கடைகளுக்குக் கணக்கு எழுதியவன் ஆகையால், கட்சிக் கணக்கும் எனக்குப் புரியும் என்று இளவட்டங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். எந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. எல்லாக் கட்சி மேலும் கொஞ்சம் கொஞ்சம் கோபம் உண்டு.

தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து சீட் பேரம் பேசுவது கேவலம் இல்லையா?

சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் ஆச்சியைக் கெட்டிக்காரி என்கிறோம். பெண் கொடுத்து எடுக்கும்போது நின்று பேசுகிறவரைப் பொறுப்பானவர் என்கிறோம். அரசியல்வாதி பேசினால் மட்டும் மூக்கைச் சுளிக்கிறோம். நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் பண்ண வேண்டுமென்றால் பேசித்தான் ஆக வேண்டும். எனக்குப் பேசுவதில் வருத்தமே கிடையாது. பேசி முடித்தபிறகு எதை விட்டோம், எதை வாங்கினோம் என்று ஊருக்குச் சொல்லாமல் மழுப்புகிறார்களே, வருத்தமெல்லாம் அங்கேதான்.

காரைக்குடியை மட்டும் ஏன் எப்போதும் கூட்டணிக் கட்சிக்குத் தள்ளிவிடுகிறார்கள்?

எப்போதும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பவரின் எரிச்சல் நியாயமானது. 1996இல் இங்கே ஜெயித்தது தமிழ் மாநில காங்கிரஸ். 2001இல் பாரதிய ஜனதா, அதுவும் தி.மு.க. கூட்டணியில் நின்று. 2006இல் காங்கிரஸ், 2011இல் அ.தி.மு.க., 2016இலும் 2021இலும் மறுபடி காங்கிரஸ். 2021இல் இரண்டு பெரிய கட்சிகளுமே தொகுதியைத் தோழமைக் கட்சிகளுக்குக் கொடுத்துவிட்டன. ஓட்டு மெஷினில் உதயசூரியனும் இல்லை, இரட்டை இலையும் இல்லை. ‘எங்க சின்னத்த எங்கப்பா காணோம்?’ என்று வாக்குச்சாவடியில் கேட்ட பெரியவரை நானே பார்த்தேன்.

இதற்குக் காரணம் பழைய வரலாற்றில் இருக்கிறது. 1962இல் சுதந்திராக் கட்சி சார்பில் சா. கணேசனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. கம்பன் கழகத்தை வளர்த்த அதே சா. கணேசன்தான். தேசியக் கட்சிக்கும் சிறிய கட்சிக்கும் இங்கே ஓட்டுப் போட மனசு உண்டு என்பது சென்னையில் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ‘நம் சின்னம் இல்லாவிட்டாலும் ஓட்டு மாறி விழும்’ என்று எந்தத் தொகுதியைப் பற்றி நம்பிக்கை இருக்கிறதோ அதைத்தான் தோழமைக் கட்சிக்குக் கொடுப்பார்கள். ஒரு வகையில் இது நமக்குப் பெருமை. இன்னொரு வகையில், பந்தியில் கடைசி இலை. பெரிய கட்சியின் மாவட்டப் புள்ளிக்கு இந்தத் தொகுதியில் சொந்த முதலீடு இருக்காது. ஜெயித்த சிறிய கட்சிக்காரருக்கோ கோட்டையில் பிடி இருக்காது. இரண்டுக்கும் நடுவே நம் மனு சுற்றும்.

தொகுதிப் பங்கீடு உண்மையில் எப்படி நடக்கிறது?

முதலில் எண்ணிக்கை, பிறகு எந்தெந்தத் தொகுதி, கடைசியில் சின்னம். இந்த வரிசை முக்கியம். எண்ணிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான இழுபறி தொடங்கும், ஏனென்றால் இருபத்தைந்து தொகுதி என்பதில் ஜெயிக்கக்கூடியவை எத்தனை என்பது பட்டியல் வந்தால்தான் தெரியும். 2021இல் தி.மு.க. அணியில் காங்கிரஸுக்கு 25, இரண்டு கம்யூனிஸ்டுகளுக்கும் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் ம.தி.மு.க.வுக்கும் ஆளுக்கு 6. இதில் ம.தி.மு.க. உதயசூரியன் சின்னத்திலேயே நின்றது. சின்னத்தை விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. ஜெயித்தபின் அந்த உறுப்பினர் சட்டப்படி எந்தக் கட்சிக்காரர் என்ற கேள்வியே அதில் அடங்கியிருக்கிறது.

விட்டுக்கொடுத்து லாபம் பார்த்த உதாரணமும் உண்டு, பார்க்காததும் உண்டு. 1971இல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை. நாடாளுமன்றத் தொகுதிகளில் சிலவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு மாநிலத்தைத் தி.மு.க.வுக்கே விட்டுவிட்டது. டெல்லி அவருக்கு, கோட்டை கலைஞருக்கு என்று கணக்கு நேராகிவிட்டது. உள்ளூர்க் காங்கிரஸ்காரர்கள் பல வருடம் அதைச் சொல்லிப் புலம்பினார்கள்.

1980 இன்னும் சுவையானது. ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல்: தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து 39இல் 37 இடம். சில மாதத்திலேயே சட்டமன்றத் தேர்தல். அதே கூட்டணி, தொகுதிகளை ஏறத்தாழ சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது. எம்.ஜி.ஆர். கட்சி மட்டும் 129 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தது. அதே ஜனங்கள், அதே வருடம். ‘டெல்லிக்கு இவர், இங்கே அவர்’ என்று ஜனங்கள் தனியாக ஒரு தொகுதிப் பங்கீடு செய்துகொண்டார்கள். அந்த மேசைக்கு எந்தத் தலைவரையும் கூப்பிடவில்லை.

சிவகங்கைத் தொகுதியில் ஆளுக்கு ஓட்டா, கூட்டணிக்கு ஓட்டா?

ஆளுக்கு என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். எண்கள் வேறு மாதிரி சொல்கின்றன. கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம் 1984 முதல் தொடர்ந்து ஜெயித்துவந்தார். 1996இலும் 1998இலும் அவர் இருந்த தமிழ் மாநில காங்கிரஸ், தி.மு.க.வோடு கைகோத்து நின்றது. 1999இல் த.மா.கா. இரண்டு பெரிய அணியிலும் சேராமல் நின்றது, அவர் தோற்றார். அதே ஆள், மத்திய நிதியமைச்சராக இருந்து திரும்பியவர். 2004இல் கூட்டணியோடு வந்தார், ஜெயித்தார். 2009இல் கூட்டணி இருந்தும் வித்தியாசம் வெறும் 3,354 ஓட்டு.

அடுத்து அவர் மகன். 2014இல் காங்கிரஸ் தனியாக நின்றபோது கார்த்தி சிதம்பரத்துக்கு நான்காவது இடம். 2019இல் தி.மு.க. அணியில் நின்றபோது மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வெற்றி. ஐந்து வருடத்தில் மனிதர் மாறிவிடவில்லை. மேசையில் போட்ட கையெழுத்து மாறியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: வேட்பாளர் நம் தெருவுக்கு வந்து கும்பிடுவது இருக்கட்டும், அவர் கட்சி யாரோடு என்ன பேசி முடித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தொகுதியின் தலையெழுத்து பாதிக்கு மேல் அங்கே எழுதப்படுகிறது.

எம்.எல்.ஏ. நாம் சொன்னதைச் செய்ய வேண்டுமா, தன் புத்திப்படி செய்யலாமா?

இந்தக் கேள்வியை வெள்ளைக்காரர்கள் 1774இலேயே போட்டு உருட்டியிருக்கிறார்கள். பிரிஸ்டல் நகரத்து வாக்காளர்களிடம், அங்கே எம்.பி.யாக ஜெயித்த எட்மண்ட் பர்க், ‘உங்களுக்கு நான் தர வேண்டியது என் உழைப்பு மட்டுமல்ல, என் சொந்தத் தீர்மானமும்தான்’ என்ற பொருளில் பேசினார். பேச்சு உலகப் புகழ். ஆறு வருடம் கழித்து அதே ஊரில் மறுபடி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

நம் பக்கத்துக்கு இது புதிதா என்ன? அந்தக் காலத்தில் பர்மாவில் வட்டிக்கடையை நடத்த மேலாளை அனுப்பிய முதலாளிகளின் ஊர் இது. முதலாளி இங்கே வளவில் இருப்பார், மேலாள் ரங்கூனில் கிட்டங்கியில், அதாவது கடையில், இருப்பார். மூன்று வருடக் கணக்கு. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் வட்டியைக் குறைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் கடை நடக்காது. அங்கே அவர் தீர்மானம்தான். ஆனால் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது பேரேட்டைப் புரட்டி ஐந்தொகை, அதாவது வரவு செலவு நிலுவைக் கணக்கு, காட்டியாக வேண்டும். ஏன் அந்த மில்லுக்குத் தள்ளுபடி கொடுத்தாய் என்று முதலாளி கேட்பார். பதில் இருந்தால் அடுத்த கணக்குக்கும் அவரே போவார். எம்.எல்.ஏ.விடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். வேலை நடக்கும்போது கையைப் பிடிக்க மாட்டேன், திரும்பி வரும்போது ஐந்தொகையைக் கேட்பேன்.

கட்சி சொன்னதை மீறி நம் ஊருக்காக ஓட்டுப் போட அவருக்கு உரிமை உண்டா?

சட்டமன்றத்துக்குள் ‘இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும்’ என்று கட்சியின் கொறடா உத்தரவு போட்டுவிட்டால் மீற முடியாது. மீறினால் பதவி போகும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அது. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த ஓட்டையையும் 2003இல் அடைத்துவிட்டார்கள். விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம். கூடவே, மனச்சாட்சிப்படி நடக்க நினைப்பவரின் வாயையும் கட்டிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இதன் அடி நம் பக்கத்திலும் விழுந்தது. 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தாரே, அதில் மானாமதுரையும் ஒன்று. கட்சிக்குள் நடந்த சண்டைக்கு, 2019இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை ஒரு தொகுதியே எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தது. சண்டை போட்டவர்களும் சமாதானம் ஆனவர்களும் அந்த ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேர்தலில் ஒன்று சொல்லிவிட்டு ஜெயித்தபின் இறங்கிவந்தால் அது துரோகம்தானே?

எப்படிச் சொன்னார், எப்படி இறங்கினார் என்று பார்க்க வேண்டும். 1967இல் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. அண்ணா அதிலேயே ஒரு சூட்சுமம் வைத்தார்: மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்கக் கொண்டுபோகப் பணம் இடம் கொடுக்கவில்லை. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் உச்சம் எது, தரை எது என்று ஓட்டுக் கேட்கும்போதே சொல்லியிருந்ததால் ஜனங்கள் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. பேரத்துக்குப் போகிறவர் கடைசியாக எங்கே நிற்பார் என்பதை முன்கூட்டியே சொன்ன அபூர்வமான வாக்குறுதி அது.

எதிர் உதாரணம் வேண்டுமென்றால் இங்கிலாந்து. 2010இல் நிக் கிளெக்கின் லிபரல் டெமாக்ரட் கட்சி, பல்கலைக்கழகக் கட்டணத்தை ஏற்றவே விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சியோடு கூட்டணி ஆட்சி, கிளெக் துணைப் பிரதமர். அதே வருடக் கடைசியில் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டுக்கு ஏறியது. கூட்டணிப் பேச்சில் அவர்கள் வேறு சிலதை வாங்கினார்கள்தான். யாருக்கு ஞாபகம்? 2012இல் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். 2015இல் 57 இடம் 8 ஆகிவிட்டது. இறங்கியதற்காக மட்டும் அந்தத் தண்டனை கிடைக்கவில்லை. இறங்கவே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த ஒன்றிலேயே இறங்கியதற்குக் கிடைத்தது.

‘விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை’ என்கிறார்களே, எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாமா?

பழமொழி அண்ணன் தம்பிக்குள் சரி. அடுத்தவனுடைய உரிமையை எடுத்து இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ‘சமாதானம் பேசி முடித்தேன்’ என்று ஒரு தலைவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவித் தேர் எல்லாருக்கும் தெரியும். வடம் பிடிக்கும் உரிமை எல்லாச் சாதிக்கும் உண்டா என்ற தகராறும் வழக்குமாக வருடக்கணக்கில் தேர் நின்றது. 17 வருடத்துக்குப் பிறகு 2024 ஜூனில்தான் ஓடியது. எத்தனை ஆட்சி, எத்தனை அமைதிப் பேச்சுவார்த்தை! தாசில்தார் அலுவலகத்தில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து நடந்த பேச்சுகளை எண்ணி முடியாது. தேரை ஓட்டாமல் வைத்திருப்பதையே பல பேர் சமரசம் என்று நினைத்தார்கள். யாருக்கு உரிமை மறுக்கப்பட்டதோ அவர்களுக்கு அது சமரசம் ஆகுமா?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் பத்து வருடம் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக முடியாமல் இருந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2006இல் அரசு உறுதியாக நின்றபிறகுதான் அது முடிவுக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவியைக் கோயில் நிதிக்கு ஏலம் விடுவதும் இதே ரகம். ‘ஊரே கூடி ஒத்துமையா முடிவு பண்ணிட்டோம்’ என்பார்கள். ஊர் என்றால் யார் யார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

பேச்சுவார்த்தையை எல்லாரும் பார்க்கும்படி நடத்தினால் என்ன?

கெட்டுப்போகும். மேடையில் யாரும் இறங்கிவர மாட்டார்கள், தொண்டன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சம்பந்தம் பேசும்போது முதல் பேச்சை முற்றத்தில் வைத்தா பேசுகிறோம்? இரண்டு பெரியவர்கள் உள்ளே பேசுவார்கள். ஆனால் கல்யாணத்தன்று நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தத்தை எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போடுவது சபை நடுவில். அரசியலில் உள்ளே பேசுவது வரைக்கும்தான் செய்கிறார்கள். சபை நடுவில் எழுதுவதைக் காணோம். எண்ணிக்கை ஒப்பந்தத்தை மட்டும் பத்திரிகைக்குக் கொடுக்கிறார்கள். ஆட்சியில் பங்கு உண்டா, மாநிலங்களவை சீட்டு உண்டா, எந்தக் கொள்கையை ஒத்திவைத்தார்கள் என்பதெல்லாம் ‘உரிய நேரத்தில்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். 2006இல் தி.மு.க.வுக்கு 96 இடம்தான், காங்கிரஸுக்கு 34. ஐந்து வருடம் காங்கிரஸ் அமைச்சரவைக்கு வெளியே நின்று ஆதரவு கொடுத்தது. அதற்கு ஈடாக நம் மாவட்டத்துக்கு என்ன கேட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

தேர்தல் அறிக்கையில் சொன்னதைச் செய்யாவிட்டால் வழக்குப் போடலாமா?

போட்டு ஜெயிக்க முடியாது. இலவச டி.வி. தொடர்பான வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், அறிக்கை வாக்குறுதி லஞ்சக் குற்றத்தில் சேராது என்றது, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கட்டும் என்றது. செய்யாததற்குத் தண்டனை கொடுக்க நம் கையில் ஓட்டு ஒன்றுதான்.

காசு வாங்கிவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க முடியாதே?

கேட்கலாம், குரல் எழும்பாது. கொடுத்தவர் அதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார். சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்ய அனுமதி 40 லட்சம். தெருவில் நடக்கும் செலவைப் பார்த்தால் அந்த எண் நகைச்சுவை. மீதியை எங்கிருந்து எடுப்பார் என்று யோசித்தால் தூக்கம் வராது.

காரைக்குடி – திருவாரூர் ரயில், மாநகராட்சி இதெல்லாம் யார் கொண்டுவந்தது? எல்லாக் கட்சியும் போஸ்டர் ஒட்டுகிறதே?

ரயில் விஷயம் சொல்கிறேன். 2012இல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், தடம் முழுவதும் அகலப்பாதையில் வண்டி ஓட 2019 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் நமக்கு மத்திய அமைச்சரான எம்.பி. இருந்தார். பிறகு டெல்லி ஆட்சியில் இல்லாத கட்சியின் எம்.பி. இருந்தார். இரண்டு பேர் காலத்திலும் வேலை ஆமை வேகம்தான். ஆளுங்கட்சி எம்.பி. இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கையை அன்றைக்கு விட்டேன்.

மாநகராட்சியை 2024இல் மாநில அரசு அறிவித்தது. 1928இல் நகராட்சியான ஊர். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், ‘அண்ணே, சேத்துட்டா நூறு நாள் வேலை போயிருமே, வீட்டு வரி ஏறுமே’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் பேச்சுவார்த்தை மேசையில் இருந்திருக்க வேண்டும். வரி ஏறுவதற்கு ஈடாக எந்த வருடத்துக்குள் குடிநீர், எந்த வருடத்துக்குள் சாக்கடை என்று கேட்டு வாங்கியிருக்கலாம். போஸ்டரில் வாழ்த்து மட்டும்தான் இருந்தது.

பேசி வாங்குவது என்றால் அழகப்பச் செட்டியார். மின்வேதியியல் ஆய்வகம் எந்த ஊருக்கு என்று கேள்வி வந்தபோது 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் எடுத்து வைத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கோரிக்கை மனுவோடு போகாமல், கையில் ஒன்றை வைத்துக்கொண்டு போனார். இன்றைய தலைவர்கள் பதினைந்து லட்சம் கொடுக்க வேண்டாம். தொகுதியில் எந்த நிலம் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் படித்துவிட்டு இருக்கிறார்கள் என்ற பட்டியலையாவது கையில் வைத்திருக்கலாம்.

சாதாரண ஆள் எங்கே போய்க் கேட்பது?

கிராம ஊராட்சியில் இருந்தால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போட வேண்டாம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. எந்த வேலைக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் பத்து ரூபாய். நான் ஒரு அலுவலகத்தில் கேட்டபோது முதலில் அவர்கள் அனுப்பியது வேறு தொகுதியின் பட்டியல். மேல்முறையீடு செய்தபிறகு சரியானது வந்தது.

எந்தக் கூட்டணியும் பிடிக்கவில்லை என்றால்?

‘யாருக்கும் ஓட்டு இல்லை’ என்று அழுத்தும் நோட்டா 2013 முதல் உண்டு. ஆனால் அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயிப்பார், நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும். கோபத்தைப் பதிவு செய்யலாம். பேரத்தில் இடம் கிடைக்காது.

ஐந்து வருடம் முன்னால் என்ன சொன்னார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

காகிதத்துக்கு இருக்கும். வீட்டுக்கு வரும் துண்டறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பச்சி காலத்துத் தகரப் பெட்டியில் 1996இலிருந்து சேர்த்துவைத்திருக்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, போன தடவைத் தாளை எடுத்துக் கையில் கொடுப்பேன். சண்டை எதுவும் இல்லை, மோர் கொடுத்துத்தான். பெரும்பாலும் அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சிரித்துவிடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் ஒரு தடவை கையிலிருந்த பேனாவை எடுத்து, நடந்த இரண்டுக்கு டிக் அடித்து, நடக்காத நான்குக்கு எதிரே ‘நிதி இல்லை’, ‘வழக்கு’, ‘கூட்டணி சம்மதிக்கவில்லை’, ‘மறந்துவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். அந்தத் தடவை அவருக்குத்தான் போட்டேன். தோற்றுவிட்டார்.